டொன் அன்செல்மோவை நான் கொன்ற சனிக்கிழமை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி வாசித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, மறைத்துவிட்டான் என்று குறைப்படுவீர்கள். மற்ற முட்டாள்கள் தங்கள் வீட்டுக்குள் முட்டாளாக இருந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதற்கு ஒலிவாங்கி தேவைப்படும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி; யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிது. டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டில், இரண்டு அறைகளில் ஐந்து பெடியன்கள் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற மாடிகளில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு பந்தடிப்போம். அனுமதி எடுக்கவேண்டும் என்பது தெரியாது. ஒவ்வொரு பூங்காவிலும் யாராவது வந்து கலைப்பார்கள். அப்படிக் கலைபட்டுக் கலைபட்டு ஒருநாள் போய்ச் சேர்ந்த மைதானத்தில்தான் டொன் அன்செல்மோ நின்றார். (டொன் என்பது பெயரல்ல. நாங்கள் 'ஐயா' போடுகிற இடத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் போடுவது.)

எல் சல்வடோரில் ஒரு காலத்தில் பேர்போன கோல் காப்பாளர். அங்கே யுத்தம் வர இங்கே வந்து, கிழமை நாட்களில் கட்டடங்களுக்குச் சுவர் பூசினார். ஞாயிறுகளில் லத்தீன் அமெரிக்க அகதிப் பெடியன்களைத் திரட்டி ஓர் உதைபந்தாட்ட லீக்கையே உண்டாக்கியிருந்தார். அவருடைய ஆங்கிலத்தில் பாதி ஸ்பானிஷ், என்னுடையதில் பாதி யாழ்ப்பாணம். அதனால் இந்தக் கட்டுரையில் எல்லோரையும் தமிழிலேயே பேச விடுகிறேன்.

இவரும் கலைக்கத்தான் வருகிறார் என்று நாங்கள் பந்தைத் தூக்கினோம்.

"எத்தினை பேர்?" என்றார்.

"பன்னிரண்டு."

"எத்தினை சோடி பூட்ஸ்?"

"ஏழு."

அடுத்த ஞாயிறு தன் காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு சாக்கு நிறையப் பழைய பூட்ஸ் தந்தார். அவருடைய குழுவில் ஒருவர், லத்தீன் லீக்கில் இவர்களுக்கு என்ன வேலை, இலங்கை எங்கே கிடக்கிறது என்று கேட்டாராம். "கடலுக்குப் பக்கத்திலை," என்றாராம் டொன் அன்செல்மோ. விசாரணை அத்துடன் முடிந்தது; நாங்களும் அந்த லீக்கில் ஓர் அணியானோம்.

அந்த அணியில் நான் எந்த இடத்தில் ஆடினேன் என்று கேட்பீர்கள். செயலாளர். ஒருவன் காலை முறித்துக்கொண்ட அன்றும் பத்துப் பேராக விளையாடித் தோற்றார்களே தவிர, என்னை இறக்கவில்லை.

ஒரு மாசி மாதச் சனிக்கிழமை பிற்பகல், லத்தீன் சமூகம் தன் விளையாட்டு முன்னோடிகளைக் கௌரவிக்க விழா எடுத்தது. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். முதல் பெண்கள் கரப்பந்து அணியைச் சேர்த்த சிலி நாட்டு அம்மையார், ஒரு பழைய ஈக்குவடோர்க் குத்துச்சண்டைக்காரர், எல்லாவற்றுக்கும் முடிவாக டொன் அன்செல்மோ. அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. "சந்தோஷமா இருக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர். அதுக்காகத்தான் விடுறன். ஒரு கவலையும் அவருக்குக் காட்டக்கூடாது," என்று அவருடைய மனைவி டோனா எல்விரா (டோனா என்பது பெண்களுக்குப் போடும் டொன்) எல்லோரையும் எச்சரித்துவிட்டு, சமையலுக்கு உதவ முன்னரே வந்துவிட்டார்.

விழாவை நடத்திய மரிசோல் எங்கள் அணி சார்பில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னாள். டொன்னைக் காரில் கூட்டிவரும் பொறுப்பு எங்கள் கப்டன் குகனுக்கு.

"ரெண்டு நிமிஷம் எண்டால் ரெண்டு நிமிஷம் மச்சான்," என்றான் குகன். "என்ரை அக்கான்ரை கலியாணத்திலை பேசின மாதிரிப் பேசிப்போடாதை. சனம் பந்தியிலை இருந்துகொண்டு உன்னைத் திட்டினது."

விழா தொடங்கிவிட்டது. அம்மையாருக்குக் கேடயம், குத்துச்சண்டைக்காரருக்குக் கேடயம். குகனைக் காணவில்லை. அப்போதுதான் மண்டபத்துச் சமையலறைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது.

"கார் ஸ்நோவுக்குள்ளை புதைஞ்சு போச்சு. ஒரு டோனட் கடையிலை நிக்கிறம். ஐயா கோப்பி குடிச்சுக்கொண்டு நல்ல சந்தோஷமா இருக்கிறார். அரை மணித்தியாலம் செல்லும். நீ மேடையிலை ஏறி இழுத்துக்கொண்டு நில்."

அரை மணித்தியாலத்தை எதைக்கொண்டு நிரப்புவது? நான் முகத்தைத் தொங்கப்போட்டபடி தொலைபேசியை வைத்தேன். கையில் அகப்பையுடன் டோனா எல்விரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர், குகனோ? என்னவாம்?"

"மேடையிலை சொல்லுறன்," என்றேன்.

(இந்த இடத்தில் என் மனைவி எப்போதும் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்ப்பாள்.)

எங்கள் ஆட்களின் கூட்டம் என்றால், பழைய மாணவர் ஒன்றுகூடலோ நடன அரங்கேற்றமோ, முதலில் விளக்கேற்றுவோம். பிறகு ஊர் யுத்தத்தில் போனவர்களுக்காக எழுந்து ஒரு நிமிட மௌனம். அதற்குப் பிறகே வரவேற்புரை. யாருக்காக நிற்கிறோம் என்று விளக்குவதில்லை; தெரியாதவர்கள் மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். ஒலிவாங்கியைக் கண்டால் என் வாய் தானாகவே அங்கிருந்துதான் புறப்படும். போதாததற்கு, ஒரு நிமிடம் சும்மா கழியுமே என்ற கணக்கும் இருந்தது.

"தயவுசெய்து எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள்," என்றேன்.

மரிசோல் அதை ஸ்பானிஷில் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து நிறுத்தினாள். கதிரைகள் தரையில் உரசின. மண்டபம் முழுக்க உதைபந்தாட்டக்காரர்கள். மைதானத்தில் ஒரு நிமிட மௌனம் யாருக்காக நடக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு விம்மல் கேட்டது. பிறகு இன்னொன்று. சமையலறைப் பக்கம் அகப்பை விழுந்தது. எங்கோ கிடக்கிற எங்கள் சனத்துக்காக இந்த மனிதர்கள் இப்படி உருகுகிறார்களே என்று தலையை இன்னும் தாழ்த்தினேன். அந்த நன்றியில் ஒரு நிமிடத்தை இரண்டு நிமிடமாக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது டோனா எல்விராவைக் கதிரையில் இருத்தி இரண்டு பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

"நன்றி, இருங்கள்," என்று தொடர்ந்தேன். "இனி டொன் அன்செல்மோவைப் பற்றி. எங்களைக் கலைக்காத ஒரே மனிதர். அவர் தந்த பூட்ஸ் இன்னும் எங்கள் கால்களில் இருக்கிறது. அவரை நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டோம்."

குத்துச்சண்டைக்காரர் ஓவென்று அழுதார். என் பேச்சு இதுவரை யாரையும் அழவைத்ததில்லை, தூங்கத்தான் வைத்திருக்கிறது. உற்சாகம் பிடித்து ஒரு முழு இருபது நிமிடம் பொழிந்தேன்.

கதவு திறந்தது. தொப்பியில் பனியுடன், குகனின் தோளைப் பிடித்தபடி டொன் அன்செல்மோ உள்ளே வந்தார். அழுகின்ற முகங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற குத்துச்சண்டைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆர் செத்தது?"

"நீங்கள்தான்," என்றார் அவர்.

டோனா எல்விரா எழுந்து ஓடிவந்தார். கணவரைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார் என்று மேடையிலிருந்து இறங்கி வழிவிட்டேன். முதலில் என்னைச் சமையல் துவாயால் நாலு தரம் அடித்தார். அதற்குப் பிறகுதான் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு டொன்னின் நெஞ்சையே பார்த்தேன். அந்த இருதயம் இப்போது நின்றால் அதற்கும் செயலாளர் நான்தான்.

மரிசோல் நடந்ததைச் சொன்னாள். டொன் என்னைக் கூப்பிட்டார்.

"அப்ப ஆருக்காக நிக்கச் சொன்னனீ?"

"ஊரிலை செத்த ஆக்களுக்கு," என்றேன். "குகன்ரை தம்பியும் அதிலை ஒராள்."

குகன் தன் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். டொன் அவனைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார்.

"எனக்கு நிண்டது கணக்கில்லை. திரும்ப நில்லுங்கோ."

எல்லோரும் எழுந்தார்கள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. சல்வடோர்க்காரர், சிலிக்காரர், அந்தக் குத்துச்சண்டைக்காரர். ஒவ்வொருவர் முகத்திலும் அவரவருக்கு ஓர் ஆள் இருந்தது தெரிந்தது. சரியாக ஒரு நிமிடம்.

"காணும். சாப்பாடு ஆறுது," என்றார் டொன். கேடயத்தைச் சாப்பிட்ட பிறகுதான் வாங்கினார்.

பிறகு என்னைத் தன்னோடு சுவர் பூசும் வேலைக்கும் கூட்டிப்போனார். இந்த நாட்டில் என் முதல் வேலை அது. இன்றைக்கு எனக்கு ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீடு இருக்கிறதென்றால், அதன் அத்திவாரத்தில் அந்தச் சாக்குப் பூட்ஸும் கிடக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகளோ என்னை எங்கே கண்டாலும் எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்த விழாவுக்குப் பிறகு பிறந்ததுகளும்கூட.

போன கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தொண்ணூறாவது பிறந்தநாளை எங்கள் வீட்டில் வைக்கப்போகிறோம்.

"டொன், பழைய ஆக்கள் எல்லாரும் வருகினம். உங்களைப்பற்றி நான் ரெண்டு வார்த்தை பேசட்டோ?"

மறுமுனையில் அவர் இருமினார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ஒருத்தரையும் எழும்பச் சொல்லாதை," என்றார்.