சேல்ஸ் வரிசையில் ஒரு சுரங்கம்

"மறுபடியும் தோண்டிட்டானுங்க சார்!" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஐ.டி. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாரு?"

"சேல்ஸ்தான். அந்த வரிசை மொத்தமும்."

அந்தப் பின்னலாடைக் கம்பெனியின் இணையத்துக்குக் காவல் பார்ப்பது அவள் வேலை. ஆபீஸில் அவளுக்குப் பெயரே 'கதவு மேடம்'. அவள் சாத்திய தளங்களைப் பார்ப்பதற்காக, வெளியே எங்கோ இருக்கும் கணினிக்குச் சிலர் திருட்டுத்தனமாக 'வி.பி.என்.' என்ற சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"சாயங்காலத்துக்குள்ள அடை. இல்லன்னா, வேலை நிரந்தரங்கற பேச்சை மறந்துடு," என்றார் மேனேஜர்.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். வேலை போனால், 'படிச்சு என்னத்தக் கிழிச்சே?' என்று கேட்கச் சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார்.

சுரங்க மென்பொருளைத் தடுத்தாள். டீ ஆறுவதற்குள் வேறொன்று முளைத்தது. வெளியே போகும் வழிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சாத்தினாள். பிரின்டர் செத்தது, சுரங்கம் சாகவில்லை. மிச்சமிருந்த ஒரே வழியில், நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு நடந்துபோனது.

"மேடம், பிரின்ட் வரல!"

"கையால எழுதுங்க!"

கோபத்துக்கு நடுவே அவளுக்கு ஓர் அரிப்பும் எடுத்தது. இத்தனை பாடுபட்டு அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

பதிவுகளைத் தோண்டினாள். ஒவ்வொரு சுரங்கமும் திறப்பதற்குச் சற்று முன், அதே கணினி ஏதோ ஒரு தளத்தைக் கேட்டிருக்கிறது. காவல் மென்பொருள் 'ஆபாசம்' என்று முத்திரை குத்தித் திருப்பியனுப்பியிருக்கிறது.

"அடப்பாவிங்களா!"

இதில் அதிகம் கேட்டவர் தலை முழுக்க நரைத்த சேல்ஸ் பெரியவர். நேரே அவர் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, பேரன் பேத்தி எடுத்த வயசுல இது தேவையா?"

அவர் காது மடல் சிவந்தது. "என்னம்மா பண்றது, பழகிப்போச்சு."

"தினமுமா?"

"வந்ததும் பார்ப்பேன். சாப்பிட்டுட்டு ஒரு தரம். மாசக் கடைசியில கண்ணு எரிய எரிய பார்க்கணும்."

"வீட்டுல தெரியுமா?"

"அவகிட்ட மறைக்க முடியுமா? சில சமயம் யோசனைகூடச் சொல்லுவா."

அவள் முகத்தைத் திருப்பி அடுத்த நாற்காலிக்காரனைப் பார்த்தாள். "நீ?"

"நான் புதுசு மேடம். இவர்தான் சொல்லிக் கொடுத்தாரு."

விடுவிடுவென்று தன் இடத்துக்கு வந்தாள். தான் அனுமதித்த நாலைந்து தளங்களைத் தவிர உலகம் மொத்தத்தையும் இழுத்துச் சாத்தினாள். திரையில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"குளோஸ் சார்!"

"சபாஷ்! உன் வேலை உறுதி," என்று மேனேஜர் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. எப்போதும் காலடியில் அதிரும் தரை இப்போது அதிரவில்லை. கீழ்த்தளத்தில் தையல் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன.

மூச்சு வாங்க மாடியேறி வந்தார் தையல் பிரிவு சூப்பர்வைசர் அக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு. "என்ன சார், ஒரு ஆர்டரும் கீழ வரல? பொண்ணுங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க!"

"ஏன்யா?" என்று மேனேஜர் சேல்ஸ் பக்கம் திரும்பினார். அந்த வரிசை மொத்தமும் குனிந்து செருப்பைப் பார்த்தது.

"அசிங்கம் பிடிச்ச படம் பார்க்கவே இவங்களுக்கு நேரம் போதல. ஆர்டர் எங்க பிடிக்கறது?" என்று வெடித்தாள் அவள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"படமா? நாம தைக்கிற பிராவையும் ஜட்டியையும் விக்கிற கடைங்களோட சைட்டு எல்லாத்தையும் உன் மிஷினு ஆபாசம்னு பூட்டி வெச்சிருக்கு கண்ணு. 'அதைக் கொஞ்சம் திறந்து விடும்மா'ன்னு உன்கிட்ட வந்து கேக்க வெக்கப்பட்டுத்தான் இந்த ஆம்பளைங்க சுரங்கம் தோண்டி ஆர்டர் எடுத்துட்டு இருந்தாங்க!"