கூண்டு அண்ணாச்சி ஏற்றிய பத்தாம் நம்பர்

எச்சரிக்கையைக் கண்டாலே எரிந்துவிழுகிற கம்ப்யூட்டர் பாதுகாவலர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்கு சுங்கக் காகிதம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் வந்து மாட்டிக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் கூண்டு அண்ணாச்சி.

அவர் வருவதற்கு முன் எங்கள் திரைகளில் நிமிஷத்துக்கு ஒரு பெட்டி குதிக்கும். ஆபத்து இருக்கலாம், தொடரவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஒருவரும் படித்ததில்லை. ஈ விரட்டுகிற மாதிரி ஓகே தட்டிவிட்டுப் போவோம். பக்கத்து மேசை மரியபுஷ்பம் இன்னும் தேர்ச்சி பெற்றவர். பெட்டி வருவதற்கு முன்பே ஓகே வரப்போகும் இடத்தில் அம்புக்குறியை நிறுத்திவிட்டு வடை தின்பார்.

வந்த வாரமே அண்ணாச்சி மரியபுஷ்பத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப அது என்னம்மா கேட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? அது கேக்கும், நாம சரிங்கணும். இல்லாட்டி விடாது."

வேறு ஆளாக இருந்தால் மரியபுஷ்பத்துக்கு வகுப்பு எடுத்திருப்பார். அண்ணாச்சி பெட்டியைத் திட்டினார். "தெனமும் புயல்கூண்டு ஏத்துனா எவம்லே கடலுக்குப் போவாம கரையில நிப்பான்?" என்று அத்தனை பெட்டிகளையும் பிடுங்கி எறிந்தார். சில்லறை ஆபத்துகளைக் கம்ப்யூட்டரே சத்தமில்லாமல் தடுத்துக்கொள்ளும். நிஜமான ஆபத்துக்கு மட்டும், பெரும்புயல் வந்தால் துறைமுகத்தில் ஏற்றுகிற பத்தாம் நம்பர் கூண்டின் படம் திரை முழுக்க வரும். ஓகே பொத்தானே கிடையாது.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே வரவில்லை. அதுதான் அவருக்கு வினையாயிற்று.

"என்னவே, கம்ப்யூட்டர்ல ஒரு எச்சரிக்கையும் வரமாட்டேங்கு. நீரு என்னதான் வேல பாக்கீரு?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் வராம இருக்கதுதான் மொதலாளி என் வேல."

"அப்பம் நீரு எதுக்கு? இந்த மாசத்தோட நின்னுக்கிடும்."

மாதக் கடைசியில், சரக்கு ரசீது என்று வந்த ஒரு மெயிலை முதலாளியே திறக்கப் போனார். திரையில் கூண்டு ஏறியது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "ஏலே, பத்தாம் நம்பர்லே!" என்று அலறினார்.

அலுவலகமே எழுந்து நின்றது. ஒருவர் ஜன்னல்களைச் சாத்தினார். கணக்கர் தன் உப்பளத்துக்குப் போன் போட்டு உப்புக் குவியலை மூடச் சொன்னார். மரியபுஷ்பம் போனில் கணவரிடம், "இன்னைக்குக் கடலுக்குப் போவாதீங்க!" என்று கதறினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் ஒருவர்கூட விசைப்பலகையைத் தொடவில்லை.

கூண்டுக்குக் கீழே இரண்டே வரி: 'இதைத் தொறந்தா நம்ம எல்லா ஃபைலும் அழிஞ்சிரும். கைய எடுத்துட்டு என்னையக் கூப்பிடுங்க.'

அண்ணாச்சி வந்து மெயிலை அழித்தார். முதலாளி அப்போதுதான் கைகளை இறக்கினார்.

"முட்டாத்தனமா தொடப் போயிட்டேன்வே."

"நீங்க என்ன செய்வீங்க மொதலாளி? நம்புத மாதிரிதான் அனுப்பியிருக்கான். நிப்பாட்டத்தான நான் இருக்கேன்."

முதலாளி அதற்கப்புறம் மாதக் கடைசியைப் பற்றிப் பேசவேயில்லை. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஆட்களில் எங்களை முட்டாள்கள் என்று நினைக்காதவர் அண்ணாச்சி ஒருவர்தான். அதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.