இடது பக்கத்துக் கதவு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா பெரிலுக்கு, லிஸ்பனிலிருந்து தம்பி கிளிஃபோர்டு எழுதிக்கொண்டது. நானும் ஐரீனும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எங்கள் சுகத்தைப் பற்றி இப்போதைக்கு உறுதி சொல்வதற்கில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், பூனை மருந்தைத் துப்பாமல் விழுங்கும் என்று நம்புகிறேன்.

நீ அன்றைக்கே சொன்னாய். "ஸ்டேஷனுக்கு எதிர்ல நல்ல ஓட்டல் இருக்கு, ரூமுக்கு ரூம் டீ போட கெட்டில் இருக்கு, பேசாம அங்க போய்த் தங்குடா" என்றாய். யார் கேட்டார்கள்? ஐரீன் ஒரே பிடியாக நின்றாள். "வருஷா வருஷம் ஸ்கெக்னஸ் கடற்கரையில உங்க அக்காவோட கேரவன் வண்டி வீட்டுக்குள்ள உக்காந்து மழையைப் பாத்தாச்சு. ஒரே ஒரு தடவை நான் சொல்ற இடத்துல, ஜனங்க நடுவுல தங்குவோம். சரிப்படலைன்னா ஆயுசுக்கும் கேரவன்தான், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள். எப்படியும் சரிப்படாது, கேரவன் எங்கேயும் போகாது என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன். இந்த ஊரின் அல்ஃபாமா மேட்டில், பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில், இடது பக்கத்து ஃபிளாட்டை அவளே பார்த்துப் பிடித்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் படிக்கட்டு சுற்றிச் சுற்றிப் போகிறது. மேலே எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஐரீன் ஒன்றைக் காட்டினாள். பஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கா இடது வலது தெரியாது? தெருவாசலில் நுழைந்த திசையை வைத்துத்தான் இடது என்று விளக்கிச் சொல்லி, மற்றக் கதவின் மணியை அடித்தேன். இன்றைக்கும் அதுதான் இடது என்பேன். கதவு திறந்தது. அக்கா, அடுத்த நொடி முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார்! கட்டின பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள்! திரும்பிப் பார்த்தால் ஐரீனுக்கும் அதே மரியாதை நடக்கிறது.

அந்த அம்மாள் பெயர் லூர்தஸ். பின்னாலேயே அவருடைய அண்ணன் அனீபல் வந்தார். ஜெர்சித் தீவில் ஓட்டல் சமையல்காரராக இருந்ததால் அவருக்கு நம் இங்கிலீஷ் வரும். "வாங்க மிஸ்டர் டக்ளஸ், இது உங்க வீடு மாதிரி" என்றார். நான் டக்ளஸ் இல்லையே! அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதரை வாசலிலேயே திருத்துவது அழகா? இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று இருந்துவிட்டேன். அப்புறம் டக்ளஸாகவே காலம் தள்ளினேன். வீட்டுக்காரர்கள் ஏன் கூடவே இருக்கிறார்கள் என்று ஐரீனிடம் கிசுகிசுத்தேன். "ஜனங்க நடுவுலன்னு நான்தானே கேட்டேன்" என்றாள் அவள், முகமெல்லாம் பூரித்து.

அந்த வீட்டில் கெட்டில் கிடையாது அக்கா! காலையில் மைபோல் கறுத்த காப்பி, ஊர் அடங்குகிற நேரத்தில் ராச்சாப்பாடு, தட்டில் என்னையே முறைத்துப் பார்க்கும் மத்தி மீன், தலையோடு! ஒரு வாய் மிச்சம் வைத்தால் லூர்தஸ் அம்மாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "இந்த மனுஷன் ஏன் இப்படிக் கொறிக்கிறாரு? ஊருக்குப் போயி என் வீட்டுல பட்டினி போட்டாங்கன்னு சொல்றதுக்கா?" என்று அனீபல் வாயிலாக அதட்டல். கொடுமை என்னவென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வேளாவேளைக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் விசில் சத்தம். படுத்தபடியே கேட்டு ஏங்கினேன்.

நேற்று புனித அந்தோனியார் திருவிழா. சந்து முழுக்கக் காகிதத் தோரணம், மீன் சுடும் புகை. வீட்டு வாசலில் மேசை போட்டு, சொந்தபந்தம் அத்தனையும் கூடிவிட்டது. அனீபல் என் தோளைத் தட்டி, "எழுந்து உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார் என்று எழுந்து, "எங்களுக்குப் பரம திருப்தி" என்றேன். அனீபல் அதை அவர்கள் பாஷையில் சொன்னாரோ இல்லையோ, ஒரே கைதட்டல். லூர்தஸ் அம்மாள் அழுதேவிட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மன்னிக்கணும், குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க... நான்தான் டக்ளஸ்னு நினைக்கிறேன்."

லூர்தஸ் அம்மாளின் மகள் லீட்ஸில் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். டக்ளஸும் அவர் மனைவியும் பையனைப் பெற்றவர்கள். படிக்கட்டில் பெட்டியோடு நின்ற அவர்களை நாங்கள் என்று நினைத்து, சாவி கொடுக்க வந்த ஆள் எங்கள் ஃபிளாட்டைத் திறந்துவிட்டிருக்கிறான். சம்பந்தி வீட்டார் தங்களுக்குப் பிடித்துத் தந்த இடம் அது என்று நம்பி, அவர்கள் கூப்பிடாமல் கதவைத் தட்டுவது முறையில்லை என்று, கொண்டுவந்த பிஸ்கோத்தைத் தின்று டீ குடித்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறார்கள். ஊரான் மகள் கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன், அக்கா!

ஐரீன் உடைந்து அழுதாள். "நான் ஆசைப்பட்டு எடுத்த இடம், இப்படித் திருட்டுச் சோறா ஆயிடுச்சே" என்றாள். அனீபல் அதைத் தங்கைக்குச் சொன்னார். அந்த அம்மாள் எங்களையும் டக்ளஸையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "போட்ட சாப்பாட்டைத் திருப்பியா வாங்க முடியும்? உக்காரச் சொல்லு, மீன் ஆறுது" என்றார்.

மானம் போனபின் அங்கே இருக்க முடியுமா? இன்று காலை எதிர் ஃபிளாட்டுக்கு மாறிவிட்டோம். கெட்டில் இருக்கிறது. முத்தம் கிடையாது. ஐரீன் சொன்ன சொல் தவறாமல் வாயே திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஆக, அடுத்த வருஷத்துக்குக் கேரவனை எங்கள் பெயருக்கு ஒதுக்கிவை. உனக்கும் பூனைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் சொல் கேளாத தம்பி,
கிளிஃபோர்டு

பி.கு.: டீ போட்டேன். ஐரீன் தொடவில்லை. நானும் பாதி மிச்சம் வைத்தேன். ஏன் என்று அதட்ட ஒரு நாதி இல்லை. பொறுக்க முடியாமல் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, ஐரீனையும் கூட்டிக்கொண்டு போய், கூப்பிடாமலேயே எதிர்க் கதவைத் தட்டிவிட்டேன். என் நாற்காலியில் டக்ளஸ் மீன் தலையோடு முழித்துக்கொண்டிருந்தார். லூர்தஸ் அம்மாள் இன்னும் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். செப்டம்பரில் கல்யாணம், அதே அறை எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஐரீன் அங்கே ஆரம்பித்த பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. கேரவனை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. பதில் எழுதினால் முதல் டக்ளஸ் என்று விலாசம் போடு. இங்கே எனக்கு அதுதான் பெயர்.