செடி எப்படி இருக்கு?

"டீச்சர், உங்களுக்கு ஃப்ரெண்டே கிடையாதா?"

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எப்போதோ கேட்டது. "முதல்ல ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு" என்று அதட்டி அனுப்பிவிட்டார் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று, தனி வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு குரல் கேட்காது என்றான பிறகுதான், அந்தக் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தார்.

விடை கொல்லைப்புறத்தில் இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத சுவரோரம், காட்டு மரத்தடிகளில் தானாக வளரும் நிழல்செடி ஒன்று பல வருடங்களாகப் புதராகி நின்றது. மழைக்காலத்தில் அதன் பக்கக் கிழங்குகளைத் தோண்டினார். துண்டுக்கு ஒரு முளை இருக்கும்படி நான்காக வெட்டி, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, இலைமக்கு நிரப்பிய தொட்டிகளில் நட்டார். நான்கும் துளிர்த்தன. மீதி பூஜ்ஜியம்.

எதிர்வீட்டு அம்மா, தையல்காரர், மருந்துக்கடைக்காரர், தண்ணீர் கேன் போடுபவர் என ஆளுக்கொரு தொட்டி. கூடவே சிவப்பு மையில் பதினான்கு விதிகள்.

"பரீட்சை உண்டா டீச்சர்?" என்றார் தையல்காரர்.

"ஒழுங்கா வளர்த்தா இல்லை."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தையல்காரர் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் தெரு கலகலப்பாக இருந்தது. "டீச்சர், புது இலை விட்டிருக்கு!" என்று எதிர்வீட்டு அம்மா வாசலிலிருந்தே கூவுவார். பிறகு, வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், திடீரென்று எல்லாரும் மௌனமானார்கள்.

"செடி எப்படி இருக்கு?" என்றார் டீச்சர். பேச்சைத் தொடங்க அவருக்குத் தெரிந்த வாசகம் அது ஒன்றுதான்.

"ஐயோ, பால் பொங்குது!" எதிர்வீட்டு அம்மா உள்ளே ஓடினார். அப்போது மாலை ஐந்தரை. அந்த வீட்டில் பால் காய்ச்சுவது காலையில்.

தையல்காரரோ டீச்சரைக் கண்டதும் ஊசியைத் தேடி மேஜைக்கு அடியில் போய்விட்டார். டீச்சர் கால் மணி நேரம் நின்றார். ஊசி கிடைக்கவில்லை.

தன் முகம் கடுகடுவென்று இருப்பதுதான் காரணம் என்று முடிவு செய்து, கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினார். அந்தச் சிரிப்போடு மருந்துக்கடைக்குப் போய், "செடி எப்படி இருக்கு?" என்றார். மருந்துக்கடைக்காரர் தலைவலி மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குள் புகுந்துகொண்டார்.

கடைசி முயற்சியாக, "ஞாயிற்றுக்கிழமை நானே வீடு வீடா வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியனுப்பினார். ஞாயிறன்று தெரு முழுக்கப் பூட்டு. எதிர்வீட்டு அம்மா தன் நாயைக்கூட அழைத்துப் போயிருந்தார்.

பூட்டிய கதவுகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார் டீச்சர். அன்று மாலை தம்பிக்குப் போன் செய்தார்.

"வந்துடுக்கா. மாடி ரூம் காலியாத்தானே இருக்கு? அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாருமில்லைடா" என்றார். அன்றிரவே அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினார்.

மறுவாரம் கூடமெங்கும் பெட்டிகள். தண்ணீர்க்காரர் கேனைத் தோளில் வைத்தபடி வாசலில் தயங்கி நின்றார்.

"எங்க வைக்கட்டும் டீச்சர்? வழியே இல்லையே."

"கொல்லைப்பக்கம் வைப்பா. இதுதான் கடைசிக் கேன்."

போனவர் திரும்பவில்லை. டீச்சர் போய்ப் பார்த்தபோது, அவர் சுவரோர வெறும் மண்ணை வெறித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்... இங்கதானே அந்தப் புதர் இருந்தது? உங்களோடதும் செத்துப் போச்சா?"

"சாகறதாவது! வெயில் காலத்துல இலையெல்லாம் உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள தூங்கும். மழை விழுந்தா எழுந்துக்கும். இது யாருக்குத்தான் தெரியாது?"

தண்ணீர்க்காரர் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குமே தெரியாது டீச்சர்! பதினாலு விதியையும் மனப்பாடமா வெச்சிருக்கேன், அதுல தூக்கமே இல்லை. டெய்லர் மாத்துச் செடிக்காக ஊரெல்லாம் அலைஞ்சார். மருந்துக்கடைக்காரர் சத்து டானிக்கே ஊத்திப் பார்த்தார். எதிர்வீட்டம்மா காலித் தொட்டி முன்னால நின்னு சாமி கும்பிடறாங்க. டீச்சர் மனசு ஒடிஞ்சுடுமேன்னுதான் தெருவே உங்களைப் பார்த்து ஒளியுது!"

டீச்சர் கூடத்துப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பெரிய பெட்டியைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுப்பா" என்றார். "அப்புறம், எனக்குத் தெரியும்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. பாவம், கூசிப்போவாங்க. மழை இந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துடும்."

மறுநாள் மதியம், தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, தண்ணீர்க்காரர் சொன்ன அடையாளப்படி, கொல்லைப்புறங்களை ஒட்டிய பின்சந்து வழியாகத் தனியே நடந்தார். தையல்காரரின் தொட்டி கொதிக்கும் வெயிலில் சாக்குக்கு அடியில் இருந்தது. எதிர்வீட்டு அம்மாவுடையது ஓட்டை வாளிக்குள். மருந்துக்கடைக்காரருடையது டானிக் வாசனையோடு அட்டைப்பெட்டிக்குப் பின்னால். ஒவ்வொன்றையும் தெரியாதபடி சற்றே நிழல் பக்கம் நகர்த்தி, விரலால் மண்ணைக் கிளறிக் கிழங்கு கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மண்ணை மூடி, ஒரு கை நீர் தெளித்தார். சாக்கையும் வாளியையும் அட்டைப்பெட்டியையும் ஒளித்தவர்கள் வைத்திருந்தது போலவே திரும்ப மூடினார்.

யாரும் பார்க்கவில்லை. வந்த வழியே வீடு திரும்பினார்.