மூணுதரமும் இன்ஸ்பெக்டரம்மாவும்

கோர்ட்டில் தீர்ப்பு சொன்னால் மேல்கோர்ட் இருக்கிறது. அரசாங்கம் ஆணை போட்டால் அடுத்த மாதமே திருத்த ஆணை வருகிறது. உலகத்தில் ஒரே ஒருவர் முடித்துவைத்த விஷயம்தான் நிஜமாகவே முடிந்த விஷயம். அவர் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் மீன் ஏலம் விடுகிற மூணுதரம்.

பட்டப்பெயர்தான். அந்தம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருக்கிறது. மகன் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்தபோது, யார் வீட்டுக் கல்யாணம் என்று புரியாமல் பாதி ஊர் பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டது. அப்புறம் அவரே வீடு வீடாகப் போய், "நான்தான் நைனா, மூணுதரம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் அப்போது ஐஸ் வண்டியோடு தினமும் அந்தக் கரைக்குப் போய்வருகிற வேலையில் இருந்தேன். படகு வரும், கூடை இறங்கும், வியாபாரிகள் வளைத்து நிற்பார்கள். யாரும் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். ஒருவர் காதைச் சொறிவார், ஒருவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவார், ஒருவர் பீடியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளுவார். எல்லாமே விலை ஏற்றுவதுதான். மூணுதரத்தின் கண் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். யார் முகத்தைப் பார்த்து 'மூணு தரம்' என்கிறாரோ, கூடை அவருக்கு. நிஜமாகவே காது அரித்ததால் சொறிந்துவிட்டு, ஒரு கூடை காரப்பொடி மீனைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவர் உண்டு. அவர் கெஞ்சியும் பார்த்தார், எடுபடவில்லை.

இது கரையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை காய்ச்சலுக்குப் பொன்னேரி டாக்டர் அஞ்சு நாள் ஓய்வு என்றார். இந்தம்மா அதை நாலு, மூணு என்று இறக்கிக்கொண்டே வந்து, ரெண்டு நாளில் நிறுத்தி, டாக்டர் முகத்தைப் பார்த்து மூணு தரம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். டாக்டரும் பழக்கமில்லாத ஆளாகையால் தலையாட்டிவிட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிரைம் தொடர் வர ஆரம்பித்தது. மரக்கடை முதலாளி ஒருவரைக் கொன்றது யார் என்று தேடுகிற கதை. தேடுகிற இன்ஸ்பெக்டர் ஒரு திருநங்கை. சனிக்கிழமை காலையில் படகு வரும்வரை கரையில் வேறு பேச்சே கிடையாது. இதையெல்லாம் குடும்பத்தோடு எப்படிப் பார்ப்பது என்று வருத்தப்பட்டார் ஒருவர். அவர் ஒரு வாரம்கூட விடாமல் குடும்பத்தோடு பார்த்துவிட்டுத்தான் வருத்தப்பட்டார். காக்கிச் சட்டை இவ்வளவு பொருத்தமாக இதுவரை எந்தப் போலீசுக்கும் இருந்ததில்லை என்றார்கள் வலையிலிருந்து நண்டு கழற்றுகிற பெண்கள். நண்டு கம்பெனிக்கு வாங்குகிற கண்ணன், அந்த வட்டத்திலேயே பெரிய கை, நடப்பில் இப்படியெல்லாம் உண்டா என்று கேட்டு எல்லார் குஷியையும் கெடுத்தார்.

மூணுதரம் இந்த அபிப்பிராயங்களையும் ஏலத்தில் விட்டார்.

"கொன்னது மச்சான்காரன்னு சொல்றாங்கோ, ஒரு தரம். அதுக்கு மேல யார்னா கீறீங்களா?"

யாராவது டிரைவர் என்பார்கள். அதைவிட வலுவாக ஒருவர் முதலாளியின் ரெண்டாவது சம்சாரம் என்பார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் அடுத்த வெள்ளிவரை ரெண்டாவது சம்சாரம்தான் கொலைகாரி. கதையை எழுதியவரே படகில் வந்து இறங்கி மறுத்திருந்தாலும் கரை ஒத்துக்கொண்டிருக்காது.

இன்ஸ்பெக்டரம்மா விஷயத்தில் மட்டும் அவர் ஏலத்துக்கே இடம் கொடுக்கவில்லை. "அவ எப்பிடிப் பொறந்தா, எப்பிடி வளந்தான்றதெல்லாம் அவ சமாச்சாரம். கேஸு புடிக்கிறாளா இல்லியா, அத்தப் பாரு" என்று கண்ணனை அடக்கிவிட்டார். அவருக்கு இருந்த ஒரே குறை, விசாரிக்கப் போகிற வீட்டில் எல்லாம் இன்ஸ்பெக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்பது. இப்படி இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நிஜமாகவே கவலைப்பட்டார். நாலைந்து வாரத்தில் 'எம் பொண்ணு' என்றே பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் மெர்சி வந்தார். டிவியில் அல்ல, கரைக்கு. மெர்சியும் திருநங்கை. அனுப்பம்பட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். பிளாஸ்டிக் டிரே ஒன்றோடு வந்து வட்டத்தில் நின்றார். மூணுதரம் அவரைப் பார்த்ததும் பத்து ரூபாய் எடுத்து நீட்டி, நல்லா இரு என்று வழியனுப்பினார். மெர்சி வாங்கிக்கொள்ளவில்லை. நண்டு எடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

அது மூணுதரத்தின் காதில் விழுந்தது. கண்ணில் விழவில்லை. மெர்சி விரலைத் தூக்கினார், தலையசைத்தார், இருமிக்கூடப் பார்த்தார். அந்தம்மாவின் கண் மெர்சிக்கு இந்தப் பக்கத்து முகத்திலிருந்து அந்தப் பக்கத்து முகத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தது. இந்த வட்டம் பழைய வியாபாரிகளுக்கானது என்று கண்ணன் வேறு எடுத்துக்கொடுத்தார். டிவியில் இருப்பவரைப் பொண்ணு என்று கொண்டாடுகிறவருக்கு எதிரே நிற்பவர் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியே பல நாள் வெறும் டிரேயோடு திரும்பினார் மெர்சி. ஒருநாள் என் வண்டி நிழலில் நின்றுகொண்டு சொன்னார்.

"மார்க்கெட்ல வாங்கினா செத்த நண்டுதான் கெடைக்குதுண்ணா. சாம்பார் சோத்துக்கு எங் கடைக்கு யாரு வருவாங்க? நண்டு நல்லா இருந்தா, யாரு ஆக்கினதுன்னு பாக்காம வருவாங்க."

இந்த மாதமும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, பழையபடி ரயிலில் கை நீட்டப் போகவேண்டியதுதான் என்றார். அழவெல்லாம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை இன்ஸ்பெக்டரம்மாவின் பெருமை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் தொடரில் அவர் போலீஸ் ஸ்டேஷனில் உடைந்துபோய் அழுதிருந்தார். கரையே உச்சுக்கொட்டியது. யாரும் எதிர்பார்க்காமல் மெர்சி வாயைத் திறந்தார். அந்தத் தொடர் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அதில் வருகிற எல்லாரும் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தவுடன் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள், பொன்னேரி பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டு என்றைக்கும் காலிதான், அதை ஒரு வாரமாவது காட்டினார்களா என்று கேட்டார்.

மூணுதரத்துக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதே நேரம் படகும் வந்துவிட்டது. நண்டுக் கூடை இறங்கி ஏலம் தொடங்கியது, சண்டையும் நிற்கவில்லை. வியாபாரிகள் காதையும் மூக்கையும் தொட்டு விலையை ஏற்றினார்கள். கடைசியில் கண்ணன் பீடியைத் தள்ளி எல்லாரையும் தாண்டினார். அவருக்கு மேலே போக ஆளில்லை.

"ஒரு தரம்" என்ற மூணுதரம் மெர்சி பக்கம் திரும்பினார். "ஏமே, எம் பொண்ணு நேத்து அழுதாளே, அது பொய்யா?"

"அழுதது நெசந்தான்க்கா. அவ அழுதா தண்ணி குடுக்க நாலு கான்ஸ்டபிள் கீறாங்க. எனக்கு யாரு கீறா?"

"ரெண்டு தரம். அதுக்கு அவ இன்னா பண்ணுவா?"

"அவ ஒண்ணும் பண்ண வாணாம். அவளப் பாக்கற கண்ணு என்னையும் பாத்தா போதும்."

மூணுதரம் அவரை முறைத்தார். முழுசாக, உச்சி முதல் டிரே வரை பார்த்தார். பல வருஷப் பழக்கத்தில் வாய் தன் வேலையைச் செய்தது.

"மூணு தரம்."

கண்ணனின் பீடி வாயின் நடுவில் அப்படியே நின்றது. கை தவறியதுபோல் வாய் தவறிவிட்டது, திருப்பிச் சொல்லுங்கள் என்று கண்ணன் சத்தம் போட்டார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் கூடை கண்ணனுக்கு, மெர்சி ரயிலுக்கு.

"யார் மூஞ்சியப் பாத்து சொன்னேன்?" என்று மூணுதரம் பொதுவாகக் கேட்டார்.

படகுக்காரர் மெர்சியைக் காட்டினார்.

"அப்போ அவுளுதுதான். மூணு தரம் ஆயிப்போச்சு நைனா, கம்முனு இரு."

விஷயம் அதோடு முடியவில்லை. மெர்சி கூடையைப் பார்த்தார், கண்ணன் ஏற்றிவைத்த விலையை யோசித்தார், தயங்கித் தயங்கி, "யக்கா, இந்த வெலைக்கு நான் கேக்கவே இல்லியே" என்றார்.

"கேட்டியோ கேக்கலியோ, ஒன்னப் பாத்து சொல்லிட்டேன். தூக்குமே."

மெர்சி தூக்கினார். நண்டுகள் எல்லாம் உயிரோடு ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. மெர்சி சிரிக்கவும் சிரித்தார், அழவும் அழுதார். நான் டிரேயில் ஐஸை அள்ளிப் போட்டேன்.

மறுநாளிலிருந்து அந்தக் கண் மெர்சி முகத்திலும் நின்று போக ஆரம்பித்தது. திட்டும் எல்லார் பங்குக்குச் சமமாகக் கிடைத்தது. விரலைச் சோம்பலாகத் தூக்குகிறாய், தூங்கி வழிகிறாய், இந்த விலைக்கு எடுத்தால் கடை விளங்கினாப்போலத்தான் என்று தினமும் ஏதாவது ஒன்று. தொடரைப் பற்றி இருவருக்கும் கடைசி வாரம்வரை ஒத்துவரவில்லை. அன்றைக்கு நடந்தது வாய் தவறியதுதான் என்று கண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறார். நான் அந்தம்மாவிடமே கேட்டேன். ஐஸ் உருகுது, போய் வேலையைப் பார் என்றார்.

வேலை மாறி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கரைக்கு ஒரு எட்டு போனேன். நண்டுக் கூடை இறங்கி வெகுநேரமாகியும் ஏலம் தொடங்கவில்லை. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். கூடையில தண்ணி வடியட்டும் என்று சொல்லிவிட்டு மூணுதரம் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். கூடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நான் எட்டிப் பார்த்தேன். மெர்சி டிரேயைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து வட்டத்தில் நுழைந்தார். பஸ் லேட் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், ஒனக்கோசரம் நண்டு காத்துனு கெடக்குமா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, மூணுதரம் ஏலத்தை ஆரம்பித்தார். எனக்கு அந்தம்மாவை ரொம்பப் பிடிக்கும்.