கறுப்புக் கரை போட்ட விசிட்டிங் காட்

என் ஐயாவை நான் ஒரு தடவை சாகடித்திருக்கிறேன். அப்போது அவர் நல்ல சுகதேகியாக, சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. விசிட்டிங் காட் அடிக்கப் போய் வந்த வினை அது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் தோட்டக்காரர் எல்லோரும் கிணற்றில் துலா மிதித்து இறைப்பதை விட்டுவிட்டு மண்ணெண்ணெய்ப் பம்ப் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். வாங்கிய பம்புகளில் பாதி ஓடாது. ஊரிலேயே பம்ப் விற்றுத் திருத்தும் கடை போட்டால் நான்தான் தீவுப்பகுதியின் பெரிய முதலாளி என்று கணக்குப் போட்டேன். (அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மீசை கூட ஒழுங்காக வரவில்லை.) ஐயாவின் கணக்கு வேறு; அது தெற்கே காலி நகரத்தில் மாமா வைத்திருந்த சுருட்டுக்கடை.

"கடை கிடை எண்ட கதையை விடு. மாமா வாற மாதம் வாறார். நீ அவரோடை காலிக்குப் போய்ச் சுருட்டுக்கடையிலை நில்லு."

எனக்குச் சுருட்டு மணத்தாலே தலை சுற்றும். அதற்குள் ஒரு பம்ப் கொம்பனியின் ஏஜென்சி கையில் கிடைத்தால் தப்பலாம். அந்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணப் பட்டணத்தில் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு இரண்டு நாள் பட்டறை என்று அறிவித்தல் வந்தது. ஒரு பம்ப் கொம்பனியின் பிரதிநிதியும் வருவாராம். பல் டாக்குத்தரிடம் பல்லுக் காட்டப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிப் புறப்பட்டேன்.

பெரிய மனிதர்களைச் சந்திப்பவன் கையில் காட் இருக்க வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே பட்டறைக்கு ஒரு கிழமை முன்பே அச்சுக்கூடம் வைத்திருந்த நடராசா அண்ணையிடம் போனேன். அவர் அடிப்பது இரண்டே வகை. ஒன்று கலியாணக் காட், மற்றது செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காட்.

"தம்பி, கரை போட்ட காட் ஒரு கட்டு மிஞ்சிக் கிடக்கு. அரை விலைக்குத் தாறன். நல்ல எடுப்பா இருக்கும்."

சுற்றிவர விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. வேட்டிக்குக் கரை அழகென்றால் காட்டுக்கும் அழகுதானே என்று நினைத்த புத்திசாலி நான். அண்ணை பழக்க தோஷத்தில் 'வேலுப்பிள்ளை' என்று ஐயாவின் பெயரைப் பெரிய எழுத்திலும், 'தவராசா' என்ற என் பெயரை அதன் கீழே பொடி எழுத்திலும் கோத்துவிட்டார். பம்ப் விஷயம் அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில். ஐயாவுக்கு மரியாதை செய்திருக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சி.

பட்டறையில் கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் சொன்னார்: "வெட்கப்படாதேங்கோ. எல்லாரிட்டையும் போங்கோ, கை குடுங்கோ, காட் குடுங்கோ."

தேத்தண்ணி இடைவேளையில் நான் புகுந்து விளையாடினேன். ஒருவரையும் விடவில்லை. கறுப்புக் கரையைக் கண்ட யாழ்ப்பாணத்தான் அதற்கு மேல் வாசிக்கமாட்டான். பெயரையும் ஊரையும் பார்ப்பான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சட்டைப்பையில் வைப்பான். இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அன்று எல்லோரும் என் கையை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்து, 'என்ன ஒரு வரவேற்பு!' என்று பூரித்துப் போனேன். யாரோ ஒரு பெண் எனக்குக் கதிரை கூடக் கொண்டுவந்து போட்டார்.

கொம்பனிப் பிரதிநிதி ஒரு பருத்த மனிதர். காட்டைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஐயா எப்பிடிப்பட்ட மனுசன்?"

குடும்பப் பின்னணியை விசாரிக்கிறார், ஏஜென்சி நிச்சயம் என்று நினைத்து அவிழ்த்து விட்டேன். ஐயாவைப் போல உழைப்பாளி தீவிலேயே இல்லை, எனக்கு எல்லாம் அவர்தான் என்றேன். இரவல் டை கழுத்தை இறுக்கியதில் குரல் அடைத்தது. கண்ணும் கலங்கியது.

"மனதைத் திடப்படுத்தும்," என்றார் அவர். வியாபாரத்துக்குத் துணிவு வேண்டும் என்கிறாராக்கும் என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் படலையில் ஒரு வான் வந்து நின்றது. பிரதிநிதியும் பட்டறையில் இருந்த ஆறு பேரும் இறங்கினார்கள். செத்தவீட்டுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. கேள்விப்பட்டால் போக வேண்டியதுதான். கதிரை போட்ட அந்தப் பெண் நேரே குசினி வாசலுக்குப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதால் கூட அழுவதுதான் எங்கள் ஊர் முறை. அம்மாவும் முறை தவறாமல் நல்லாக அழுதுவிட்டுத்தான் கேட்டா:

"ஆர் பிள்ளை செத்தது?"

முற்றத்தில் பிரதிநிதி ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்கள் வேலுப்பிள்ளையற்றை தமையனோ?"

"நான்தான் வேலுப்பிள்ளை."

பிரதிநிதி மெல்லக் கையை விடுவித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் காட்டை எடுத்துக் கொடுத்தார். ஐயா அதைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, எறும்பு எழுத்துவரை வாசித்தார். அம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்ப, நான் எப்பிடிச் செத்தனானாம்?"

"அது சொல்லேல்லை. ஆனால் உங்களைப் போல உழைப்பாளி தீவிலை இல்லையாம், தனக்கு எல்லாம் நீங்கள்தானாம். சொல்லேக்கை பொடியன்ரை கண் கலங்கிப் போச்சு."

ஐயா காட்டை மறுபடி தூரப் பிடித்துப் பார்த்தார். "இவனோ சொன்னவன்?" என்று மட்டும் கேட்டார். கொட்டிலுக்குப் பின்னால் எனக்கு அழுகை வந்தது. இம்முறை கழுத்தில் டை இல்லை.

அதற்குள் வந்தவர்களுக்குள் ஒரு சட்டச் சிக்கல். செத்தவீட்டுக்கென்று வந்தாயிற்று, ஆள் சாகவில்லை, இனி தீட்டுக் கழிய முழுக வேண்டுமா வேண்டாமா? ஐயாதான் தீர்ப்புச் சொன்னார்.

"செத்தவீடு எண்டு நினைச்சு வந்தால் செத்தவீடுதான். கிணத்தடியிலை முழுகிப்போட்டு, சாப்பிட்டிட்டுப் போங்கோ. டேய் தவராசா, வெளியிலை வா! பம்பைப் போடு!"

அந்தப் பம்ப் இரண்டு வருடமாக ஓடாமல் கிடந்தது. ஐயா வயலுக்குப் போகும் நேரங்களில் நான் களவாகத் திருத்தி வைத்திருந்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஒரே இழுவையில் பிடித்தது. பிடித்த வேகத்தில் குழாய் கழன்று பாம்பு மாதிரி எழும்பி, பிரதிநிதியைத் தலை முதல் சப்பாத்துவரை முழுக வார்த்தது.

"உங்களுக்கு முடிஞ்சுது," என்றார் ஐயா.

பிரதிநிதி முகத்தைத் துடைத்துக்கொண்டு பம்பை உற்றுப் பார்த்தார். "இது எங்கடை கொம்பனிப் பம்பல்லோ? இந்த மாதிரியை எங்கடை மெக்கானிக்மாரே ஏலாது எண்டு கைவிட்டவங்கள்!"

மாமா வந்தார், காலிக்குத் தனியாகவே திரும்பிப் போனார். ஐயா றோட்டோர வேலியை வெட்டிக் கடைக்கு இடம் விட்டார். ஏஜென்சிக் கடிதமும் வந்தது. என்ன, கொம்பனியின் கிளாக்கர் காட்டைப் பார்த்து என் பெயரை முன்பே பதிந்து வைத்துவிட்டாராம். 'அமரர் வேலுப்பிள்ளையின் மகன்' என்ற விலாசத்தோடுதான் எல்லாக் கடிதங்களும் வந்தன. அவற்றைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பெரும்பாலும் அமரர்தான்.

அதற்குப் பிறகு ஐயா நீண்ட காலம் இருந்தார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"என்ரை அந்தியேட்டிக் காட்டுக்குக் கறுப்புக் கரை போட்டிடாதை. சனம் நீ பம்ப் விக்கிறாய் எண்டு நினைக்கும்."

மஞ்சள் கரைதான் போட்டோம். அப்படியும் பிரதிநிதி வந்து ஐயாவின் படத்தைப் பார்த்து, மாலையைப் பார்த்து, என் காதுக்குள் கேட்டார்: "தம்பி, இந்த முறை உண்மைதானே?"