ஓதிய தண்ணீரும் ஒரு போத்தல் தங்கமும்

விஞ்ஞானம் படித்தவனுக்குப் பயம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயத்தில் என் ஆராய்ச்சியை என் கையாலேயே கெடுத்தவன் நான்.

பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணிக்கைகள் மிதக்கும் கரைசல் ஒன்றைத் தயாரித்து, வீட்டாருக்குக் காட்டவென்று கல்முனைக்குக் கொண்டுவந்திருந்தேன். (மஞ்சளாக இருக்காது. அவ்வளவு சிறிதானால் தங்கம் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும்.) மறுநாள் அதை வைத்துத்தான் வாய்மொழிப் பரீட்சை. தவறினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும்.

பரீட்சையன்று காலையில் உம்மா ஒரு கிளாஸை நீட்டினார். எங்கள் கிணற்றில் அள்ளி, மௌலவியிடம் குர்ஆன் ஓதி வாங்கிய தண்ணீர்.

"குடிச்சிட்டுப் போ மகன். பயம் தெளியும்."

"எனக்கென்ன பயம்? நான் கெமிஸ்ட்ரிக்காரன் உம்மா!"

உம்மாவின் முகம் வாடிவிட்டது. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். உம்மாவின் மனம் நொந்ததால் பரீட்சை தவறிவிடுமோ என்று உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. பரீட்சை எனக்கா, கரைசலுக்கா என்று யோசித்தேன். கரைசலுக்குத்தான். போத்தலைத் திறந்து அரைக் கிளாஸ் ஊற்றி, மூடி, பையில் வைத்தேன்.

பரீட்சை மேசையில் போத்தலை எடுத்தால், பாத்திரம் கழுவிய தண்ணீர் போல ஒரு சாம்பல் நிறம்!

"ஏன் இப்பிடியிருக்கு?" என்றார் பரீட்சை எடுத்த மேடம்.

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் கொடுமை. "துணிக்கை சின்னதாக ஆக, மொத்த மேற்பரப்பு கூடும் மேடம். அதோட சுயாதீன வெப்பவுள்ளுறையும், அதாவது அதில தேங்கிற சக்தியும், கூடும். அதக் குறைக்கத்தான் ஒண்டோட ஒண்டு ஒட்டப் பாக்கும். மின்னேற்றம் ஒட்டவிடாமத் தள்ளி வெச்சிரிக்கும். உப்புப் பட்டா அது முடியாமப் போயிரும்."

"சரி, உப்பு எங்கால வந்த?"

"கிணத்துத் தண்ணியால." எங்கள் வீடு கடற்கரையோரம்.

"அத ஏன் ஊத்தினீர்?"

"அது... ஓதின தண்ணி மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு, "இந்த வருஷம் இவ்வளவு தெளிவா ஒருத்தரும் விளங்கப்படுத்தல்ல" என்று புள்ளி போட்டார். தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை. "பாஸாகிட்டாய்தானே? பொறகென்ன, தண்ணி வேல செஞ்சிரிக்கி" என்றார்.

போன மாதம் என் மனைவி ஸ்கூட்டர் லைசன்ஸ் பரீட்சைக்குப் புறப்பட்டாள். உம்மா கிளாஸோடு வந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நீங்க குடிங்க மகள். இவனப் போல ஸ்கூட்டருக்கு ஊத்திராதீங்க."